அரைப்புள்ளிக்கு என்ன மிஞ்சும்?

பிள்ளையார் நோன்பில் இழை எடுத்து முடிந்த மறுநாள் காலை. பள்ளத்தூர் வீட்டு வளவில் தூணோரமாகப் பாயை விரித்து, அண்ணன் ஒரு காகிதக் கட்டைப் பிரித்து வைத்தார். பெரியப்பச்சி (பெரியப்பா) மகன். முன்சீப்பாகச் சேர்ந்து, மாவட்ட நீதிபதியாகி, கடைசிச் சில ஆண்டுகள் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து, அரசியலமைப்பு சொல்கிற 62 வயதில் அண்மையில் ஓய்வு பெற்றவர். ஊரார் பாகப்பிரிவினைக்கெல்லாம் தீர்ப்பு எழுதியவருக்குத் தன் ஓய்வூதியப் படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தை நிரப்ப முடியவில்லை. ஓய்வூதியத்தில் எத்தனை சதவீதத்தை மொத்தமாகத் தொகுத்துப் பெற விரும்புகிறீர்கள் என்று கேட்கும் கட்டம். அலுவலகங்களில் இதைக் கம்யூடேஷன் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் வங்கியில் இருந்தவன். ஓய்வூதியர் கணக்குகளைப் பார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்ததால், சொந்தத்தில் யார் ஓய்வு பெற்றாலும் காகிதக் கட்டு என்னிடம் வந்து சேரும்.

“சைபர்னு போட்டுடலாம்னு இருக்கேன் தம்பி,” என்றார் அண்ணன். “மாசாமாசம் வர்ற பணத்தை எதுக்கு முன்கூட்டியே வித்துத் திங்கணும்?”

இரண்டாங்கட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணன் மனைவி, எங்கள் அண்ணமிண்டி, தலையை நிமிர்த்தவில்லை. “அவுக இல்லாத மாசத்துல எனக்கு எவ்வளவு வரும்? தம்பி, அதை மொதல்ல சொல்லுங்க. அப்புறம் அவுக சைபரோ என்னமோ போடட்டும்.”

அன்று மதியம் வரை நாங்கள் போட்ட கணக்கெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான். அதே கட்டத்தின் முன்னால் நிற்கிறவர்கள் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஒரு கணவன் மனைவி சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். இருவரில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி, வரியும் பாதி. ஓய்வூதியத்திலும் இதே இரண்டு நிலைதான் உண்டு. புள்ளி முழுதாக இருக்கும்போது வருவது ஒன்று, அரைப்புள்ளி ஆனபின் வருவது ஒன்று. ஆனால் ஓய்வு பெறுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். படிவத்தை நிரப்புவது அவர்கள் கை என்பதால் இருக்கலாம்.

முதலில் அடிப்படை எண்கள். உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கான சட்டம் 1954ஆம் ஆண்டினுடையது. 2018இல் அதைத் திருத்தி, 2016 ஜனவரி 1 முதல் கணக்கிட்டு, மாதச் சம்பளத்தை 2,25,000 ரூபாயாகவும் ஓய்வூதியத்தை ஆண்டுக்கு 13,50,000 ரூபாயாகவும் வைத்தார்கள். அதாவது மாதம் 1,12,500, சம்பளத்தில் சரிபாதி. இதன்மேல் அகவிலைப்படி. 2025 ஜூலை முதல் அது 58 சதவீதம் என்பதால் 65,250. ஆக மொத்தம் மாதம் 1,77,750 ரூபாய்.

இந்த 13.5 லட்சம் எல்லோருக்கும் ஒன்றாக வந்துகொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞராக இருந்து நேராக நீதிபதியானவருக்கு ஒரு கணக்கு, அண்ணனைப் போல மாவட்ட நீதிமன்றத்திலிருந்து மேலே போனவருக்கு இன்னொரு கணக்கு, நடுவில் பணி இடைவெளி விழுந்தவருக்கு மூன்றாவது கணக்கு என்று நெடுநாள் இழுபறி. 2025 மே 19 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதை முடித்து வைத்தது. எந்த வழியில் வந்தவராக இருந்தாலும், கூடுதல் நீதிபதியாகவே ஓய்வு பெற்றிருந்தாலும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒவ்வொருவருக்கும் முழு 13.5 லட்சம், தலைமை நீதிபதியாக இருந்தவருக்கு 15 லட்சம். கூடுதல் நீதிபதியாக இருந்து இறந்தவரின் குடும்பத்துக்கும் மற்றவர்களைப் போலவே குடும்ப ஓய்வூதியம் உண்டு என்றது. அண்ணன் அந்தத் தீர்ப்பின் நகலைக் கட்டில் மேலாக வைத்திருந்தார். “இதுல எனக்குச் சந்தேகமே இல்ல,” என்றார். அந்தப் பகுதியில் எனக்கும் இல்லை.

குடும்ப ஓய்வூதியம் அண்ணமிண்டியின் பகுதி. ஓய்வுக்குப் பின் மிக விரைவிலேயே கணவர் இறந்தால் தொடக்கத்தில் கொஞ்ச காலம் சம்பளத்தில் 50 சதவீதம் வரும். அதன் பிறகு சம்பளத்தில் 30 சதவீதம். நாங்கள் அந்த 30ஐ வைத்தே போட்டோம், நீண்ட காலத்துக்கு ஓடப்போவது அதுதானே. 2,25,000இல் 30 சதவீதம் 67,500. அகவிலைப்படி 39,150. மொத்தம் 1,06,650. முழுப்புள்ளிக்கு வருவதில் 60 சதவீதம். “கோயில்ல அரைப்புள்ளின்னா அம்பதுதானே? சர்க்கார் பரவால்ல, பத்து சேத்துக் குடுக்குது,” என்றார் அண்ணமிண்டி. அது பரிகாசமா பாராட்டா என்று அண்ணனுக்கே விளங்கவில்லை.

மாதம் 71,000 ரூபாய் சட்டென்று குறையும். வேலைக்காரி சம்பளமோ வீட்டு வரியோ மருந்துக்கடைக் கணக்கோ 40 சதவீதம் குறையாது. எந்த வழியை எடுத்தாலும் இந்தப் பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதுதான் கேள்வி.

கம்யூடேஷன் என்பது என்ன

ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை அரசிடம் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தத் தொகையை முன்னதாக வாங்கிக்கொள்வது. 15 ஆண்டு கழித்து விட்டுக்கொடுத்த பகுதி திரும்ப வந்துவிடும். எவ்வளவு தருவார்கள் என்பது அடுத்த பிறந்தநாளில் என்ன வயது என்பதைப் பொறுத்தது. மத்திய அரசின் அட்டவணையில் 61 வயதுக்கு 8.194, 63 வயதுக்கு 7.982. விட்டுக்கொடுக்கும் மாதத் தொகையை 12ஆல் பெருக்கி, அதை இந்த எண்ணால் பெருக்க வேண்டும்.

பேசிக்கொண்டது 40 சதவீதத்தைப் பற்றி. மத்திய அரசு ஊழியர்களுக்கான உச்சவரம்பு அது. அண்ணனுக்கு மாதம் 45,000 ரூபாய். 62 முடிந்தவர் என்பதால் எண் 7.982. கையில் வருவது 43,10,280 ரூபாய். வருமான வரி ஒரு பைசா இல்லை.

சைபர் போட விரும்புகிறவர்களின் வாதத்தை அண்ணன் வாயாலேயே கேட்போம்: “15 வருஷத்துல நான் விடுறது 81 லட்சம். வாங்குறது 43. இது வியாபாரமா?”

நியாயமான கேள்விதான், ஆனால் அரைக் கேள்வி. இன்றைய ரூபாயையும் 15 வருடம் கழித்து வரும் ரூபாயையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது வட்டிக்கடை வைத்திருந்தவர்களின் பேரனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டியாக மாற்றிப் பார்த்தால் இது ஏறக்குறைய 9.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 180 மாதத் தவணையில் அடைப்பதற்குச் சமம். 60 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு அது 9 சதவீதத்தை ஒட்டி வரும். ஓய்வு பெறும் வயது கூடக்கூட வட்டியும் ஏறுகிறது, ஏனென்றால் அட்டவணை எண் இறங்குகிறது, திரும்ப வரும் காலமோ எல்லோருக்கும் 15தான்.

இந்தக் கடனில் வேறெந்தக் கடனிலும் இல்லாத ஒரு விதி உண்டு. வாங்கியவர் இறந்துவிட்டால் மீதித் தவணை தள்ளுபடி. மனைவியிடம் கேட்க மாட்டார்கள். குடும்ப ஓய்வூதியத்தில் பிடிக்கவும் மாட்டார்கள், அது சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவதால் கம்யூடேஷன் அதைத் தொடுவதே இல்லை. அகவிலைப்படியும் அப்படித்தான்: 45,000ஐ விட்டுக்கொடுத்த பிறகும் முழு 1,12,500க்கும் சேர்த்தே அகவிலைப்படி வரும். இந்த இரண்டும் தெரியாமல் சைபர் போட்டவர்கள் பலரை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். ஒருவர் ஓய்வு பெற்ற பதினோராம் மாதம் போனார். அவர் மனைவி ஓய்வூதியப் புத்தகத்தைக் கொண்டுவந்து, “இவ்வளவு பெரிய உத்தியோகம், மொத்தமா ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, சைபரா நாற்பதா?

முதலில் வரியை மறந்துவிட்டுப் பார்த்தோம். 43.1 லட்சத்தையும் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தரும் 8.2 சதவீதத்தில் போட்டு வைத்தால் மாதம் 29,450 ரூபாய் வட்டி. விட்டுக்கொடுத்தது 45,000. துண்டு 15,550. அதை அசலிலிருந்து எடுத்து மாதம் 45,000 கணக்காகச் செலவழித்துக்கொண்டே போனால் 13 ஆண்டில் பணம் தீரும். ஓய்வூதியம் முழுதாகத் திரும்ப வருவதற்கு இன்னும் 2 ஆண்டு இருக்கும். ஆக, அண்ணன் 75 வயதுக்குள் போனால் 40 லாபம், தாண்டினால் சைபர் லாபம். “பாத்தியா?” என்றார் அண்ணன். வழக்கில் பாதி ஜெயித்த முகம்.

அப்புறம் வரியைச் சேர்த்தோம். முழு ஓய்வூதியமும் அகவிலைப்படியும் ஆண்டுக்கு 21.33 லட்சம். 75,000 நிலைக் கழிவு போனால் 20.58 லட்சம். புதிய வரிமுறையில் 16 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம், 20க்கு மேல் 25. விட்டுக்கொடுக்கும் 5.4 லட்சமும் அந்த மேல்தட்டிலிருந்துதான் போகிறது. அதாவது அண்ணன் இழப்பது 45,000 அல்ல. வரி போக அவர் கைக்கு வரும் சுமார் 35,700தான். வாங்கும் மொத்தத்துக்கோ வரியே இல்லை. இப்போது அதே கடனை வட்டியாக மாற்றினால் 9.5 என்பது 5.7 சதவீதமாக இறங்கிவிடுகிறது. மறுபக்கம் 8.2 வட்டிக்கும் வரி உண்டு, அது 6.5 ஆகும். 5.7க்கு வாங்கி 6.5க்குப் போடுகிறோம். வரிக்குப் பிந்தைய அந்தத் தொகையை மட்டும் மாதாமாதம் எடுத்தால் பணம் சுமார் 16 ஆண்டு தாங்கும். 15ஆம் ஆண்டில் ஓய்வூதியம் திரும்பிவிடும்.

தராசு சாய்ந்தது இங்கேதான். 8.2 எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதவில்லை. இதே சேமிப்புத் திட்டம் 2020 ஏப்ரலில் இருந்து இரண்டரை ஆண்டு 7.4 சதவீதத்தில் கிடந்தது. அந்த அளவுக்கு இறங்கினால் இரு தட்டும் கிட்டத்தட்ட சமம். அப்போதும் தள்ளுபடி விதி இலவசமாக நம் பக்கம் இருக்கிறது.

இனி அண்ணமிண்டியின் கேள்விக்கு வருவோம். வட்டியை மட்டும் செலவழித்து அசலைத் தொடாமல் வைத்திருப்பதாகக் கொள்வோம். வரி போகப் பார்த்தால், முழுப்புள்ளிக் காலத்தில் வீட்டு வருமானம் மாதம் சுமார் 12,000 ரூபாய் குறையும். 1,77,750 வருகிற வீட்டில் அது உறைக்கும்தான், ஆனால் அடுப்பு அணையாது. ஐந்து ஆண்டில் ஏதாவது ஆகிவிட்டது என்று வையுங்கள். சைபர் போட்டிருந்தால் அண்ணமிண்டிக்கு 1,06,650 ரூபாய் குடும்ப ஓய்வூதியம், அவ்வளவுதான். நாற்பது போட்டிருந்தால் அதே 1,06,650, கூடவே 43 லட்சமும் அதன் வட்டியும். மாதம் 1,36,000க்கு மேல் வரும், பெரிய ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அசலும் இருக்கும். 71,000 ரூபாய்ப் பள்ளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தூர்ந்துவிடுகிறது.

20 சதவீதம் என்ற நடுவழியையும் அண்ணன் கேட்டார், நீதிபதி அல்லவா. அது எல்லாவற்றிலும் பாதி: 21.5 லட்சம் வரும், பள்ளத்தில் ஐந்தில் ஒரு பங்கு நிரம்பும். வீட்டுக்கடன் இல்லாதவர், உடம்பு கல்லாக இருக்கிறவர், மனைவிக்கே தனி ஓய்வூதியம் உள்ளவர் என்றால் அது போதும். அண்ணனுக்கு 20 வருடச் சர்க்கரை, ஒரு ஸ்டென்ட். அண்ணமிண்டிக்கு 58 வயது, அவுக ஆத்தா 94 வரை இருந்தவுக. இந்த வீட்டுக்கு நடுவழி ஒத்துவராது என்று நான் நேராகவே சொன்னேன்.

உடம்பு விஷயத்தில் ஒரு நாள்கணக்கு இருக்கிறது. ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஓராண்டு தாண்டிவிட்டால் மருத்துவர் பார்த்து ஒப்ப வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் யோசித்துப் போடலாம் என்று தள்ளிப்போடுவது நல்லதல்ல.

80 வயதையும் கணக்கில் எடுத்தோம். 80 நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு, அதற்கு மனைவியின் வயதுதான் கணக்கு. அண்ணமிண்டி 80ஐத் தொடும்போது 67,500உடன் 13,500 சேரும். 62இலிருந்து 77 வரைதான் நெருக்கடியான காலம், அதன்பின் ஓய்வூதியமும் திரும்பும், மூன்றே ஆண்டில் சதாபிஷேகப் பணமும் வரும் என்றேன். அண்ணன் சிரித்தார்.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு இடத்தில் வருகிறது. அங்கே இருக்கும் என் மகள் அனுப்பியதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கூட்டாட்சி நீதிபதிக்கு 65 வயதும் 15 ஆண்டுப் பணியும் இருந்தால் ஆயுளுக்கும் முழுச் சம்பளம். அடியோடு விலகினால் விலகிய நாளின் சம்பளம் அப்படியே நின்றுவிடும். ‘சீனியர்’ நிலைக்கு மாறி, ஏறக்குறைய கால்பங்கு வேலையைச் செய்துகொண்டே இருந்தால், சம்பள உயர்வும் சேர்ந்து வரும். இத்தனை தாராளமாகக் கொடுக்கிறவர்கள் மனைவிக்கு என்று வரும்போது எழுதிக் கொடுத்தால்தான் என்கிறார்கள். பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் தனித் திட்டத்தில் சேர்ந்து சம்பளத்தில் 2.2 சதவீதம் கட்டிவர வேண்டும். சேர்ந்திருந்தால் மனைவிக்குச் சராசரிச் சம்பளத்தில் குறைந்தது 25, அதிகம் போனால் 50 சதவீதம். நம் ஊரில் 30 சதவீதம் பிடித்தம் ஏதுமில்லாமல் வருகிறது; அதற்கு மேல் வேண்டியதை முடிவு செய்யும் இடம் பதவியின் வாசலில் இல்லை, ஓய்வின் வாசலில் இருக்கிறது. அந்தக் கட்டம்தான் அது.

43 லட்சத்தை எங்கே வைப்பது

இதில்தான் செட்டிநாட்டு வீடுகளில் தப்பு நடக்கிறது. பணம் வந்தது தெரிந்தால் முதலில் பேசுவது வீடுதான். அண்ணனுடைய வீட்டில் 9 பங்கு. ஆல்வீதிப் பக்க ஓடு சரிந்திருக்கிறது, மேங்கோப்பில் மழை ஒழுகுகிறது, பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பெயர்ந்திருக்கிறது. “நாமதான் பெரிய உத்தியோகம் பாத்தவுக, நாமளே செஞ்சுட்டா என்ன?” என்று அண்ணனுக்கு ஆசை. எனக்கும் அந்த வீட்டின்மேல் ஆசை உண்டு. நான் பிறந்து வளர்ந்த வளவு. ஆனால் 9இல் ஒரு பங்குக்காரர் ஒன்பது பங்குக்கும் செலவு செய்தால், அரைப்புள்ளி ஆனபின் அண்ணமிண்டி அந்தப் பர்மாத் தேக்குத் தூணில் ஒன்றை விற்று மருந்து வாங்க முடியாது. பங்குக்கு இவ்வளவு என்று பொதுவில் வசூலித்துச் செய்கிற வேலை அது. என் கருத்தை அண்ணன் ரசிக்கவில்லை.

அடுத்தது காப்பீட்டு நிறுவனத்தின் ஆயுள் ஆண்டுத்தொகை. இருவர் ஆயுளுக்கும் வரும்படி, ஒருவர் போனாலும் மற்றவருக்கு முழுதாக வரும்படி வாங்கலாம். கணக்கு வழக்குப் பார்க்கத் தெரியாத, பார்க்க ஆளும் இல்லாத அரைப்புள்ளிக்கு இதுதான் நல்லது. யாரும் பிடுங்கிக்கொள்ளவும் முடியாது. ஆனால் இன்று நிச்சயித்த தொகை 30 ஆண்டு கழித்தும் அதே தொகைதான், அகவிலைப்படி என்பதே இல்லை. அசலும் இடையில் கைக்கு வராது, அல்லது வெட்டோடு வரும். அண்ணமிண்டிக்கு அகவிலைப்படியோடு கூடிய குடும்ப ஓய்வூதியம் ஆயுளுக்கும் இருக்கிறது; மேலும் ஒரு மாதத்தொகை அவருக்குத் தேவையில்லை, அவசரத்துக்கு அசல்தான் தேவை. அதனால் இதை ஒதுக்கினோம்.

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவருக்கு 30 லட்சம் வரை. 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500. 5 ஆண்டு, அதன்பின் மும்மூன்று ஆண்டாக நீட்டலாம். கணவன் பெயர் முதலில் இருந்தால் மனைவியைக் கூட்டாகச் சேர்க்க அவருக்கு 60 ஆகியிருக்க வேண்டியதில்லை. கணவர் இறக்கும்போது மனைவிக்கு 60 ஆகியிருந்தால் முதிர்வு வரை அதே வட்டியில் தொடரலாம். மிச்ச 13 லட்சத்தைப் போட அண்ணமிண்டி பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்க முடியாது, இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். அதனால் அதை மாதாந்திர வருமானத் திட்டத்தில் கூட்டாக: 7.4 சதவீதம், மாதம் சுமார் 8,000. மேலே 8.2 என்று ஒரே வீதத்தில் போட்ட கணக்கு இதனால் ஓர் ஆயிரம் ரூபாய் அளவு குறையும். அவர் பெயரில் போட்டாலும் வட்டி அண்ணன் வருமானத்தோடுதான் சேரும், வரிக்காகப் பெயர் மாற்றுவதில் பயனில்லை.

நல்ல வட்டி தருவதாகச் சொல்லும் சொந்தக்காரர் புரோநோட்டுகளைப் பற்றி ஒரு வரி போதும்: வேண்டாம்.

பழைய நாளில் நம் கடைகளில் பெண்களின் சீதனப் பணத்தை முதலாளியின் பணத்தோடு கலக்காமல் ஆச்சிமார் பணம் என்று தனியே பற்று வரவு வைப்பார்கள். கடைக்கு எது வந்தாலும் அந்தப் பேரேட்டுப் பக்கம் ஆச்சியுடையது. கம்யூடேஷன் பணத்தை அப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன் அண்ணனிடம். அதுவரை அடகு, விற்பனை என்று பேசியவர் அந்தச் சொல்லுக்குப் பிறகு பேசவில்லை. அவுக ஆயாவின் பேரில் இருந்த அப்படிப்பட்ட கணக்கைப் பற்றி அண்ணமிண்டிதான் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த முடிவை அப்படியே எல்லோரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீதிமன்றத்தில் சிரஸ்தாராகவோ எழுத்தராகவோ ஓய்வு பெறுகிறவரின் ஓய்வூதியம் அகவிலைப்படியோடு ஆண்டுக்கு 12.75 லட்சத்துக்குள் இருந்தால் புதிய முறையில் வரியே இல்லை. அவருக்கு 9 சதவீதக் கடன் 9 சதவீதக் கடன்தான், 5.7 ஆகாது. தமிழ்நாட்டு அரசில் உச்சவரம்பும் மூன்றில் ஒரு பங்கு. அவர் உடம்பையும் மனைவியின் வயதையும் மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டும். இருவரும் திடமாக இருந்தால் சைபரைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் எண்ணை விடப் பெரிய சிக்கல் பெயரில் இருந்தது. ஓய்வூதிய ஆணையில் அண்ணமிண்டியின் பெயருக்கு முன்னால் கணவர் தலைப்பெழுத்து, ஆதாரில் அப்பச்சி தலைப்பெழுத்து, வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. கூடவே மீனாட்சி ஒன்றில் மீனாக்ஷி. கணவர் இருக்கும்போது ஒரு கடிதத்தில் முடிகிற வேலை. இல்லாதபோது வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் என்று ஆறு மாதம் அலைய விடுவார்கள். ஓய்வூதியக் கணக்கு மனைவியோடு கூட்டுக் கணக்காக இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். அது போலவே 15ஆம் ஆண்டு முடியும் தேதியை எழுதி வையுங்கள். தானாகத் திரும்ப வேண்டிய ஓய்வூதியம் தானாகத் திரும்பாமல், இரண்டு வருடம் கழித்து மகன் கண்டுபிடித்து வாங்கிக் கொடுத்த கதையும் என் மேசையில் நடந்ததுதான்.

அண்ணன் கட்டத்தில் 40 என்று எழுதினார். எண்ணாலும் எழுத்தாலும், தீர்ப்பில் எழுதுவது போல. 30 லட்சம், 13 லட்சம் போக 10,280 ரூபாய் மிஞ்சியது. அதை மேங்கோப்பு ஓட்டுக்குத் தன் பங்காகக் கொடுக்கப்போவதாக அவர் சொன்னார். அண்ணமிண்டி கீரைத் தண்டை முறத்தோடு எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகும்போது, “அதையும் ரசீது வாங்கிட்டுக் குடுங்க,” என்றார்.